ஒன்ராறியோவில் பின்வளவுக் கட்டுமானம்: பெர்மிட், இன்ஸ்பெக்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக், ஷெட், கார்டன் சூட் (பின்வளவில் தனியாக நிற்கும் சிறு குடியிருப்பு) என்று வீட்டின் பின்வளவில் எதையாவது கட்ட நினைப்பவர்களுக்கான பக்கம் இது. ஒன்ராறியோ மாகாணம் முழுவதற்கும் 1992ஆம் ஆண்டின் கட்டட விதிக்கோவைச் சட்டம் ஒன்றுதான். அதன் கீழ் வரும் விதிக்கோவையின் 2024 பதிப்பு 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் வேலியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டவேண்டும், எவ்வளவு உயரம் போகலாம் என்பதை ஒவ்வொரு மாநகரசபையும் தன்தன் மண்டல உபவிதியில் வைத்திருக்கிறது. ஆகவே, கீழே நகரத்தின் பெயர் இல்லாமல் சொன்னது மாகாண விதி. ரொறன்ரோ என்று குறித்திருந்தால் அது ரொறன்ரோவுக்கு மட்டும். மார்க்கத்திலோ ஏஜாக்ஸிலோ இருப்பவர்கள் அந்த எண்ணைத் தங்கள் நகரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

எதற்கு பெர்மிட் வேண்டும், எதற்கு வேண்டாம்?

சட்டம் பார்க்கும் முதல் அளவு 10 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 108 சதுர அடி. அதற்கு மேல் இடம் பிடிக்கும் எந்த அமைப்பும் சட்டத்தின் கண்ணில் கட்டடம். கெசீபோ, பெர்கோலா, தனிக் கராஜ் எல்லாம் இதற்குள் வரும். தண்ணீர்க் குழாயோ கழிவுக் குழாயோ உள்ளே போனால் அளவு ஒரு பொருட்டே இல்லை. 4 அடிக்கு 4 அடிக் குளியலறைக்கும் பெர்மிட் வேண்டும்.

பொருட்கள் போட்டு வைக்கும் ஷெட்டுக்கு மட்டும் சலுகை உண்டு. 15 சதுர மீற்றர் (சுமார் 161 சதுர அடி) வரை பெர்மிட் இல்லாமல் வைக்கலாம். ஒரு மாடிக்கு மேல் போகக்கூடாது, வீட்டோடோ வேறு அமைப்போடோ ஒட்டியிருக்கக்கூடாது, உள்ளே குழாய் வேலை இருக்கக்கூடாது, களஞ்சியமாக மட்டுமே பாவிக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் சலுகை இல்லை.

டெக்குக்கு ரொறன்ரோவில் எல்லை, நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றர் (24 அங்குலம்). அதற்கு மேல் உயர்ந்தால் பெர்மிட். சில நகரங்கள் உயரத்தோடு பரப்பளவையும் பார்க்கின்றன. சாதாரண வேலிக்கும் தரையில் பதிக்கும் இன்டர்லொக் கல்லுக்கும் கட்டட பெர்மிட் கிடையாது. ஆனால் வேலி உயரத்துக்கு உபவிதி உண்டு (ரொறன்ரோவில் பின்வளவில் பொதுவாக 2 மீற்றர்). 60 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் ஆழமாகத் தண்ணீர் நிற்கக்கூடிய நீச்சல் குளம் என்றால் அதைச் சுற்றிய வேலிக்கே ரொறன்ரோவில் தனி பெர்மிட் எடுக்க வேண்டும்.

ஷெட்டை ஜிம், அலுவலகம், பூசையறை என்று பாவித்தால்?

ஆட்கள் இருந்து பாவிக்கும் இடமாகிவிட்டால் அது களஞ்சியம் அல்ல. 15 சதுர மீற்றர்ச் சலுகை போய்விடும், 10 சதுர மீற்றர் விதி வரும். 120 சதுர அடி ஷெட்டுக்குள் இன்சுலேஷன் அடித்து, ஹீற்றர் பூட்டி, மேசை கதிரை போட்டவர்கள் மாட்டுவது இங்கேதான். ஆட்கள் இருக்கும் அறைதான் வேண்டும் என்றால் முதலிலேயே 10 சதுர மீற்றருக்குள் திட்டமிடுங்கள், அல்லது பெர்மிட்டோடு ஒழுங்காகக் கட்டுங்கள்.

கறிவேப்பிலை, முருங்கை வைக்கப் பசுமைக்குடில் போட்டால்?

செடி வளர்ப்பது களஞ்சியம் அல்ல. ஆகவே 10 சதுர மீற்றரையே எல்லையாக எடுத்துக்கொள்ளுங்கள். 8 அடிக்கு 12 அடி என்றால் 96 சதுர அடிதான், உள்ளே வரும். 10 அடிக்கு 12 அடி வராது. வீட்டுச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் போடுவது வேறு கணக்கு. அது வீட்டின் நீட்சியாகப் பார்க்கப்படலாம்.

சாமத்திய வீட்டுக்கு, பிறந்தநாளுக்கு டென்ட் அடிக்கலாமா?

எல்லா டென்டும் சேர்த்து 60 சதுர மீற்றருக்கு மேற்படாமல், வீட்டோடு ஒட்டாமல், மற்றக் கட்டடங்களிலிருந்து 3 மீற்றருக்கு மேல் தள்ளி இருந்தால் பெர்மிட் தேவையில்லை. 20 அடிக்கு 30 அடி டென்ட் ஏறக்குறைய 56 சதுர மீற்றர். பரப்பளவு சரி, பிரச்சினை தூரத்தில்தான். ஸ்காபரோப் பின்வளவுகள் பலவற்றில் வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே 20 அடி அகலத்தை வைத்து, இரண்டு பக்கமும் 3 மீற்றர் விட இடமே இருக்காது. வாடகைக்கு விடுபவர் டென்டைக் கொண்டுவந்து இறக்கிய பிறகு அளக்காமல், முற்பணம் கட்டமுன் அளந்து பாருங்கள். டென்டை நிறுத்த நிலத்தில் நீண்ட முளை அடிப்பார்கள் என்றால் கீழே சொல்லும் நிலத்தடிக் குழாய் அடையாளமும் வேண்டும்.

பெர்மிட் தேவையில்லை என்றால் விரும்பிய மூலையில் வைக்கலாம்தானே?

இல்லை. ஆகக் கூடுதலாகக் குழம்புவது இந்த இடம். கட்டட பெர்மிட் ஒரு கதவு, மண்டல உபவிதி இன்னொரு கதவு. பெர்மிட் வேண்டாத 8 அடி ஷெட்டுக்கும் வேலியிலிருந்து விடவேண்டிய இடைவெளி, அதிகபட்ச உயரம், வளவில் எத்தனை சதவீதத்தைக் கட்டடம் மூடலாம் என்ற கணக்கு எல்லாம் பொருந்தும். பக்கத்து வீட்டார் முறையிட்டால் உபவிதி அதிகாரி வருவார். ஷெட்டை நகர்த்தச் சொன்னால், கொங்கிறீட் தளத்தின் மேல் வைத்ததை யார் நகர்த்துவது?

அளக்கும்போது சுவரை மட்டும் பார்க்காதீர்கள். கூரை விளிம்பும் பீலியும் எல்லையைத் தாண்டக்கூடாது, கூரைத் தண்ணீர் பக்கத்து வளவில் விழக்கூடாது. வேலிதான் எல்லை என்றும் நம்பக்கூடாது. பழைய வேலிகள் எல்லைக்கோட்டிலிருந்து அரை அடி, ஓரடி விலகி நிற்பது சாதாரணம். சேவே (நில அளவை) வரைபடம்தான் கணக்கு.

புதிய குடியிருப்புகளில் இரண்டு வளவுகளுக்கு நடுவே புல் மூடிய ஆழமில்லாத வாய்க்கால் ஒன்று ஓடும். கண்ணுக்கு வெறும் பள்ளமாகத் தெரிந்தாலும் நாலைந்து வீட்டு மழைநீரும் பனி உருகிய நீரும் வடிவது அதன் வழியாகத்தான். அதை மண் போட்டு நிரப்பி ஷெட் வைத்தால், அடுத்த வசந்தத்தில் மேலேயுள்ள வீட்டின் நிலக்கீழ் அறைக்குள் தண்ணீர் போகலாம். பொறுப்பு உங்களுடையது. அதேபோல் மின்கம்பிக்கோ வடிகாலுக்கோ ஒதுக்கிய பாத்தியதைப் பட்டி உங்கள் உறுதியில் இருந்தால் அதன் மேல் எதுவும் நிரந்தரமாகக் கட்ட முடியாது. வீடு வாங்கியபோது சட்டத்தரணி தந்த கோப்பில் அது இருக்கும்.

பின்வளவு முழுவதையும் கல்லோ கொங்கிறீட்டோ போட்டு மூடிவிட நினைப்பவர்களுக்கு: முகப்பு 6 மீற்றருக்கு மேலுள்ள காணியில், பின்வளவில் பாதியாவது புல், செடி, மண்ணாக இருக்கவேண்டும் என்பது ரொறன்ரோ மண்டல விதி. ஒடுக்கமான காணிக்கு அது 25 சதவீதம்.

விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும்?

மாகாணப் பொது விண்ணப்பப் படிவம், வரைந்தவர் விவரம் கூறும் அட்டவணை 1, சேவேயை வைத்து வரைந்த காணிப்படம், பிறகு கட்டுமான வரைபடங்கள். காணிப்படத்தில் எல்லா எல்லைகளும், இருக்கும் வீடும், புதிதாகக் கட்டுவதும், ஒவ்வொரு பக்க இடைவெளியும் அளவோடு இருக்கவேண்டும். டெக் என்றால் மேலிருந்து பார்க்கும் படம், பக்கத் தோற்றம், தூண் முதல் கைப்பிடி வரை வெட்டிக் காட்டும் படம் ஆகியவையும் மரங்களின் அளவு, இடைவெளி, தூண்களின் ஆழமும் விட்டமும் வேண்டும்.

சொந்த வீட்டுக்கு நீங்களே வரையலாம். மற்றவர் கட்டணம் வாங்கி வரைந்தால் அவருக்கு மாகாணம் வழங்கும் பி.சி.ஐ.என். தகுதி எண் இருக்கவேண்டும், இல்லையேல் கட்டடக் கலைஞராகவோ பொறியியலாளராகவோ இருக்கவேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

முழுமையான விண்ணப்பத்துக்கு, வீட்டுக்கும் வீட்டைச் சேர்ந்த 55 சதுர மீற்றருக்கு மேற்படாத தனி அமைப்புக்கும் 10 வேலை நாட்களுக்குள் மாநகரசபை பதில் சொல்லவேண்டும். மறுத்தால் எல்லாக் காரணங்களையும் சொல்லவேண்டும். ‘முழுமையான’ என்ற சொல்லில்தான் மாதங்கள் கரைகின்றன. மண்டல விதிக்கு ஒத்துவராத, மர அனுமதியோ ஆற்றுப்படுகை அனுமதியோ இல்லாத விண்ணப்பம் முழுமையானது அல்ல, அதற்கு 10 நாள் கணக்கும் ஓடாது. திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் அடிக்கடி காண்பது மூன்று: பழைய சேவேயில் பின்னர் கட்டிய கராஜோ நீட்சியோ காட்டப்படாதது, நிலமட்டத்திலிருந்து உயரம் எழுதாதது, இணையத்தில் எடுத்த அமெரிக்க வரைபடத்தைக் காணிக்கு ஏற்ப மாற்றாமல் அப்படியே போட்டது.

மண்டல விதிக்குச் சற்று மிஞ்சுகிறது. வழி உண்டா?

உண்டு. திட்டமிடல் சட்டத்தின் 45ஆம் பிரிவின் கீழ் சிறு விலக்குக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். குழு நான்கு கேள்வி கேட்கும்: விலக்கு சிறியதா, காணிக்குப் பொருத்தமானதா, மண்டல விதியின் நோக்கத்துக்கு அடங்குகிறதா, நகரத்தின் பொதுத்திட்ட நோக்கத்துக்கு அடங்குகிறதா. ‘எனக்கு இடம் தேவை’ என்பது இந்த நான்கில் ஒன்றுக்கும் பதில் அல்ல. ‘எங்கள் தெருவில் இதே அளவில் ஏற்கெனவே சில இருக்கின்றன, பக்கத்து வளவுக்கு நிழலும் தண்ணீரும் போகாது’ என்பது பதில். 60 மீற்றருக்குள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு அறிவித்தல் போகும், வீட்டு முன் பலகையும் வைப்பார்கள். அதற்கு முன்பே இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் வரைபடத்தோடு போய்ப் பேசிவிடுவது நல்லது. மாதக்கணக்கில் நேரமும் கணிசமான கட்டணமும் பிடிக்கும். இரண்டடியைக் குறைத்து வரைந்தால் விலக்கே தேவையில்லை என்றால் குறைத்து வரைவதே எங்கள் பரிந்துரை.

மரம் இடைஞ்சலாக இருக்கிறது. வெட்டிவிட்டு விண்ணப்பிக்கலாமா?

கூடாது. ரொறன்ரோவில், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளக்கும்போது 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள தனியார் மரத்தை வெட்டவோ காயப்படுத்தவோ அனுமதி வேண்டும். வேரை வெட்டுவதும் காயப்படுத்துவதுதான். 30 முதல் 40 சென்ரிமீற்றர் மரத்தைச் சுற்றி 2.4 மீற்றருக்குத் தோண்டாமல், பொருள் அடுக்காமல் விடவேண்டும். மரம் பருக்க இந்தத் தூரமும் கூடும். மரம் பக்கத்து வளவில் நின்றாலும் அதன் வேர்ப்பகுதி உங்கள் டெக்குத் தூணுக்குள் வந்தால் இந்த விதி உங்களைத்தான் பிடிக்கும். அடிமரம் எல்லைக்கோட்டில் நின்றால் மாகாண வனச் சட்டப்படி அது இருவருக்கும் பொது. மற்றவர் சம்மதமில்லாமல் கைவைப்பது குற்றம்.

ஸ்காபரோவில் ஹைலண்ட் கிரீக், ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஓரத்து வீடுகளுக்கு இன்னும் ஒரு படி இருக்கிறது. பள்ளத்தாக்கு உபவிதியும் நீர்ப்படுகைப் பாதுகாப்புச் சபையின் அனுமதியும் தனித்தனி. ஒன்று கிடைத்ததால் மற்றது கிடைத்ததாகாது.

தோண்டமுன் என்ன செய்யவேண்டும்?

ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு இணையத்திலோ தொலைபேசியிலோ அறிவியுங்கள். இலவசம், ஆனால் சட்டப்படி கட்டாயம். தோண்டுவதற்குக் குறைந்தது 5 வேலை நாட்களுக்கு முன் சொல்லவேண்டும். எரிவாயு, மின்சாரம், தொலைத்தொடர்பு, தண்ணீர் என்று அந்தந்த நிறுவனம் வந்து நிறமடித்துவிட்டுப் போகும்: மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், செம்மஞ்சள் தொலைத்தொடர்பு, நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர். எல்லோரும் வந்தார்களா, ‘இங்கே எதுவுமில்லை’ என்றாவது தாள் தந்தார்களா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். கோட்டிலிருந்து இரு பக்கமும் 1 மீற்றருக்குள் இயந்திரத் துளைப்பான் கூடாது, கையால்தான்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அவர்கள் அடையாளமிடுவது வீட்டு மீற்றர்ப் பெட்டி வரை வரும் தங்கள் இணைப்பை மட்டுமே. வீட்டிலிருந்து கராஜுக்குப் போகும் மின்கம்பி, பார்பிகியூவுக்குப் போகும் எரிவாயுக் குழாய், தெளிப்பான் குழாய் எல்லாம் உங்கள் சொந்தம், யாரும் குறிக்கமாட்டார்கள். முன்னைய உரிமையாளர் எதைப் புதைத்தார் என்று தெரியாவிட்டால் தனியார் அடையாளமிடுநரைக் கூலிக்கு எடுங்கள்.

இன்ஸ்பெக்டர் எந்தெந்தக் கட்டத்தில் வருவார்?

அவர் தானாக வரமாட்டார், நீங்கள்தான் அழைக்கவேண்டும். டெக்குக்குப் பொதுவாக மூன்று: கிடங்கு தோண்டிக் கொங்கிறீட் ஊற்றமுன், சட்டகம் முடிந்து மூடமுன், எல்லாம் முடிந்த பின். ஆட்கள் இருக்கும் கட்டடம் என்றால் அத்திவாரத்தை மண் மூடமுன், குழாய் வேலை, இன்சுலேஷனும் நீராவித் தடுப்பும், தீத்தடுப்புப் பிரிப்பு எல்லாம் சேரும். உங்கள் பெர்மிட்டோடு வரும் தாளில் எவை என்று எழுதியிருக்கும். ஆயத்தம் என்று அறிவித்த பிறகு, வார இறுதியும் விடுமுறையும் தவிர்த்து, 2 நாட்களுக்குள் பார்க்க வரவேண்டும் என்பது விதி. கொங்கிறீட் லொறியைப் பரிசோதனை நாள் காலையில் வரச்சொல்லி ஒழுங்கு செய்யாதீர்கள். அவர் மாலை 3 மணிக்கு வரலாம், ஒரு கிடங்கை இன்னும் ஆழமாக்கவும் சொல்லலாம்.

மூடாதீர்கள் என்பதுதான் இதில் எல்லாம். கொங்கிறீட் ஊற்றிவிட்டுக் கைபேசிப் படத்தைக் காட்டினால் சிலவேளை ஏற்பார்கள், பலவேளை மாட்டார்கள். நிலத்துக்கு மிக அருகில் இருக்கும் டெக்கில் கீழே குனிந்து பார்க்க முடியாது, ஆகவே மேற்பலகை அடிக்கமுன்பே சட்டகத்தைக் காட்டவேண்டும். இதை மறந்து பலகை முழுவதும் அடித்தவர்கள், இரண்டாம் தடவை கழற்றும்போது மறைதிருகாணி ஒவ்வொன்றையும் சபித்தபடியே கழற்றுவார்கள்.

பெர்மிட்டைத் தெரியும்படி ஒட்டி, அங்கீகரித்த வரைபடத்தை வளவில் வைத்திருங்கள். ஈரமாகாமல் பிளாஸ்ரிக் உறையில் போட்டால் போதும்.

டெக்கில் அவர் என்ன பார்ப்பார்? எதில் தவறுகிறார்கள்?

முதலில் கிடங்கு. தெற்கு ஒன்ராறியோவில் ஆழம் 1.2 மீற்றர் (4 அடி), ஏனெனில் அதற்கு மேலுள்ள மண் குளிரில் உறையும். களிமண் தண்ணீரைப் பிடித்து உறையும்போது வீங்கி, தூணைப் பிடித்து மேலே தூக்கும். வசந்தத்தில் அது பழைய இடத்துக்கு இறங்காது. இரண்டு குளிர்காலத்தில் டெக் ஒருபக்கம் சரிந்து, வீட்டுக் கதவைத் திறக்க முடியாமல் போகும். கிடங்கின் அடியில் இளகிய மண்ணோ தண்ணீரோ இருக்கக்கூடாது. அடுத்தது, வீட்டுச் சுவரை ஒட்டிய மண். வீடு கட்டியபோது அத்திவாரத்தைச் சுற்றித் தோண்டி மீண்டும் நிரப்பிய மண் அது. அதில் 4 அடி தோண்டினாலும் அடி உறுதியான மண் இல்லை, தூண் மெல்ல அமரும். அசையாத மண் வரும்வரை ஆழமாகப் போகவேண்டும், அல்லது தூண் வரிசையை வீட்டிலிருந்து தள்ளிப் போட்டு வடிவமைக்கவேண்டும். திருகுத் தூண் பூட்டினால் கிடங்குப் பரிசோதனைக்குப் பதிலாகப் பூட்டிய நிறுவனத்தின் முறுக்கு விசை அறிக்கை கேட்பார்கள். காசு கொடுத்து முடிக்கமுன் அதைக் கையில் வாங்குங்கள்.

இரண்டாவது, வீட்டோடு இணையும் பலகை. ரொறன்ரோ வட்டாரத்து வீடுகளில் பெரும்பாலானவற்றின் செங்கல் வெறும் முகத்தோல். வீட்டின் பாரத்தைத் தாங்குவது அதற்குப் பின்னாலுள்ள மரச்சட்டகம். அந்தச் செங்கலில் டெக்கைத் தொங்கவிட்டால் செங்கல் வரிசை கழன்று வரும். பெரும்பாலும் ஒரே நல்ல விடை, வீட்டைத் தொடாமல் தன் காலில் நிற்கும் டெக். சட்டகத்தோடு இணைப்பதென்றால் அரை அங்குலப் போல்ட், மேலே தண்ணீர் புகாத தகடு. ஆணி கூடாது.

மூன்றாவது, இரும்புச் சாமான். அழுத்தப் பதனிட்ட மரத்தில் செம்பு உப்பு இருக்கிறது, அது சாதாரண ஆணியையும் மெல்லிய துத்தநாகப் பூச்சையும் தின்றுவிடும். சூட்டில் தோய்த்த துத்தநாகப் பூச்சு அல்லது துருப்பிடிக்காத எஃகு மட்டுமே வாங்குங்கள். குறுக்கு மரத்தைத் தாங்கும் ஹாங்கர்களுக்கு அவற்றுக்கென்றே உள்ள தடித்த ஆணி வேண்டும், எல்லாத் துளைகளிலும். டெக் திருகாணி வெட்டு விசையில் முறிந்துவிடும்.

நான்காவது, தடுப்பு. டெக் 600 மில்லிமீற்றருக்கு மேல் உயர்ந்தால் தடுப்பு கட்டாயம். 1,800 வரை உயரமான டெக்குக்குத் தடுப்பு 900 மில்லிமீற்றர், அதற்கு மேல் 1,070. 100 மில்லிமீற்றர் பந்து எந்த இடைவெளியாலும் நுழையக்கூடாது. இன்ஸ்பெக்டர் சிலவேளை உண்மையாகவே ஒரு பந்தோ கட்டையோ கொண்டுவருவார். தூணைப் பாதி வெட்டிப் பக்கவாட்டில் இரண்டு திருகாணியால் பூட்டும் பழக்கத்தை விடுங்கள். விதிக்கோவையின் எஸ்.பி.-7 துணை நியமத்தில் மரத்தடுப்புகளுக்கான ஆயத்த விவரப்படங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றை அப்படியே எடுத்தால் கேள்வி குறையும். கண்ணாடி, அலுமினியத் தடுப்பு என்றால் பொறியியலாளர் முத்திரையிட்ட வரைபடத்தை விற்பவரிடமிருந்து வாங்குங்கள்.

கடைசியாகப் படி. ஒவ்வொரு படியும் 125 முதல் 200 மில்லிமீற்றர் உயரம், 255 முதல் 355 வரை ஆழம். அடுத்தடுத்த படிகளுக்கு நடுவே 5 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் கூடாது. டெக் முடிந்த பிறகு கீழே இன்டர்லொக் கல் பதித்தால் கடைசிப் படி இரண்டு, மூன்று அங்குலம் குட்டையாகிவிடும், அதோடு இறுதிப் பரிசோதனையும் போய்விடும். கல்லின் தடிப்பைத் தச்சருக்கு முன்பே சொல்லுங்கள். மூன்று ஏற்றத்துக்கு மேற்பட்ட படிக்குக் கைப்பிடி வேண்டும்.

இருக்கும் டெக்குக்கு மேல் கூரை போடலாமா?

பெர்மிட்டோடு. பொலிகார்பனேற் தகடு பாரமில்லாததுதான், அதன் மேல் விழும் பனி அப்படியல்ல. வீட்டின் மேற்கூரையிலிருந்து சறுக்கி விழும் பனியும், காற்று அடித்துக் குவிக்கும் பனியும் வீட்டோரத்தில் கூடுதலாகச் சேரும். முதலில் டெக்கை மட்டும் தாங்கப் போட்ட தூண்கள் இந்தப் பாரத்துக்கு வடிவமைக்கப்பட்டவை அல்ல. கூரை வந்ததும் அந்தப் பரப்பு காணி மூடல் சதவீதத்திலும் சேரும். மூன்று பக்கமும் அடைத்தால் அது டெக் அல்ல, வீட்டின் நீட்சி.

மின்சாரத்தையும் எரிவாயுவையும் அவரே பார்ப்பாரா?

இல்லை. மின்சாரத்துக்கு மாகாண மின் பாதுகாப்பு அதிகாரசபையான ஈ.எஸ்.ஏ. இருக்கிறது. வேலை தொடங்கி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்கவேண்டும். உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் செய்யலாம், அல்லது உங்கள் வீட்டில் நீங்களே செய்யலாம். நண்பரோ மச்சானோ செய்ய முடியாது, அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும். வெளி நிலத்தில் நேரடியாகப் புதைக்கும் கம்பி 600 மில்லிமீற்றர் ஆழத்தில், வாகனம் ஓடும் இடத்தில் 900. அகழியை மூடமுன் பரிசோதனை. முடிந்ததும் வரும் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். எரிவாயுக் குழாய்க்கு உரிமமுள்ள எரிவாயுத் தொழில்நுட்பவியலாளர் வேண்டும். வீட்டுக்காரர் தானே செய்யும் சலுகை அங்கே இல்லை.

இன்ஸ்பெக்டர் கேட்காமல் வீட்டுக்குள் வரலாமா? வேலை சரியில்லை என்று மறுத்துவிட்டால்?

பெர்மிட் எடுத்த அல்லது விண்ணப்பித்த வேலையிடத்துக்கு நியாயமான எந்நேரமும் வரலாம், பிடியாணை தேவையில்லை. ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைவது வேறு. பொதுவாக உங்கள் சம்மதம் வேண்டும், மறுக்கும் உரிமை உண்டு என்று அவரே சொல்லவேண்டும். பிடியாணை, உடனடி ஆபத்து போன்றவை விதிவிலக்கு. அடையாளச் சான்றைக் கேட்பதில் பிழையில்லை.

‘சரியில்லை’ என்றால் வாக்குவாதம் வேண்டாம், ‘விதிக்கோவையின் எந்தப் பிரிவு?’ என்று கேளுங்கள். மரியாதையான கேள்வி அது, நல்ல இன்ஸ்பெக்டர் எண்ணைச் சொல்வார். பல நேரம் பிரச்சினை விதியில் இல்லை, கட்டியது அங்கீகரித்த வரைபடத்திலிருந்து மாறியதில்தான். தூணை 2 அடி நகர்த்தியிருந்தால் திருத்திய வரைபடம் கொடுத்து ஒப்புதல் வாங்கவேண்டும், கட்டியது பலமாக இருந்தாலும்கூட. தொழில்நுட்பக் கருத்து வேறுபாடு தீராவிட்டால் மேலதிகாரி, அதற்கு மேல் மாகாணக் கட்டட விதிக்கோவை ஆணைக்குழு.

கையூட்டுப் பேச்சே எடுக்காதீர்கள். மாநகர அதிகாரிக்கு இலஞ்சம் கொடுப்பது குற்றவியல் கோவையின் 123ஆம் பிரிவு.

பெர்மிட் இல்லாமல் ஏற்கெனவே கட்டியாயிற்று. இனி?

பிடிபட்டால் முதலில் வருவது இணங்கச் சொல்லும் கட்டளை. வேலை நடந்துகொண்டிருந்தால் வேலை நிறுத்தக் கட்டளை. மூடியதைத் திறந்து காட்டச் சொல்லியும் கட்டளை வரலாம். தனிநபருக்கு நீதிமன்றத் தண்டம் முதல் தடவை 50,000 டொலர் வரை, மீண்டும் செய்தால் 1,00,000 டொலர் வரை. இணங்கும் எண்ணத்தோடு உடனே நடப்பவர்களுக்கு அவ்வளவு தூரம் போவது அரிது. ஆனால் கூடுதல் பெர்மிட் கட்டணம் இருக்கும்.

பிடிபடமுன்பே நீங்களாகப் போவது மலிவு. முதலில் மண்டல விதிக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள், ஒத்துவராவிட்டால் வரைபடத்துக்குச் செலவழித்துப் பயனில்லை. பிறகு உள்ளது உள்ளபடி வரைந்து, மறைந்த பகுதிக்குப் பொறியியலாளர் அறிக்கை வைத்து விண்ணப்பியுங்கள். ஒன்றிரண்டு தூணைச் சுற்றித் தோண்டி ஆழம் காட்டச் சொல்வார்கள்.

ஒப்பந்தக்காரர் ‘இதுக்கெல்லாம் பெர்மிட் தேவையில்லை’ என்கிறார்.

எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கே நின்றுவிடும். பெர்மிட்டை யார் எடுத்தாலும் கட்டளை உரிமையாளர் பெயரில்தான் வரும். ஒப்பந்தத்தில் பெர்மிட், ஒவ்வொரு பரிசோதனை, திருத்தச் செலவு யாருடையது என்று எழுதுங்கள். கட்டுமானச் சட்டப்படி பிடித்துவைக்கும் 10 சதவீதத்தைத் தவிர, கடைசித் தவணையை இறுதிப் பரிசோதனை தேறிய தாளோடு இணையுங்கள்.

கார்டன் சூட் கட்டி வாடகைக்கு விடலாமா?

2022ஆம் ஆண்டின் மாகாணச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, நகரக் குழாய் இணைப்புள்ள குடியிருப்புக் காணியில் மூன்று அலகுகள் வரை இருக்கலாம், அவற்றில் ஒன்று பின்வளவில். ரொறன்ரோ மாநகரசபை 2022 பெப்ரவரியில் கார்டன் சூட்டை ஏற்றது. வீட்டுக்கும் சூட்டுக்கும் நடுவே விடவேண்டிய தூரத்தை 2024 நொவெம்பரில் மாகாணம் 4 மீற்றராகக் குறைத்தது.

நடைமுறையில் திட்டங்களை விழுத்துவது தீயணைப்பு வழி. தெருவிலிருந்து சூட் வரை தடையில்லாத நடைபாதை வேண்டும், அடிப்படைத் தூரம் 45 மீற்றர். அதற்கு மேல் போனால் தீத்தெளிப்பான் போன்ற கூடுதல் ஏற்பாடு கேட்பார்கள். வீட்டுப் பக்கத்தில் ஏசிப் பெட்டியும் எரிவாயு மீற்றரும் வழியை நெருக்கினால் அவற்றை இடம் மாற்றும் செலவையும் கணக்கில் எடுங்கள். அடுத்த தடை மரம், அதற்கடுத்தது பழைய வீட்டின் ஒடுக்கமான தண்ணீர்க் குழாய். வரைபடத்துக்குக் காசு கட்டமுன் இந்த மூன்றையும் அளவு நாடாவோடு ஒருமுறை நடந்து பாருங்கள்.

பின்வளவில் விறகு அடுப்பு?

உணவின் அளவுக்கு ஏற்ற, அடக்கமான சிறு தீயில், ஆள் பக்கத்தில் நின்று, பார்பிகியூ போன்றதில் சமைப்பதை மாகாணத் தீ விதிக்கோவை அனுமதிக்கிறது. குளிர்காயும் தீக்குழி ரொறன்ரோவில் கூடாது. மற்ற நகரங்கள் சிலவற்றில் தீயணைப்புத் துறை அனுமதி எடுத்துச் செய்யலாம்.

பெர்மிட் எடுத்தால் வரி ஏறுமா?

பெர்மிட் விவரம் சொத்து மதிப்பீட்டு நிறுவனமான எம்பாக்குக்குப் போகும். கூடும் மதிப்புக்கு ஏற்ப வரி மாறலாம். சூட் கட்டினால் தெரியும் அளவுக்கு ஏறும். சாதாரண டெக்குக்கு இந்தப் பயத்தில் பெர்மிட்டைத் தவிர்ப்பது கணக்குத் தெரியாத சிக்கனம்.

வேலையைப் பாதியில் விட்டால் பெர்மிட் என்னாகும்?

தந்து 6 மாதத்துக்குள் வேலை உண்மையாகத் தொடங்காவிட்டால், அல்லது தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் நின்றுபோனால், மாநகரசபை அதை ரத்துச் செய்யலாம். தாமதம் என்றால் எழுத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இறுதிப் பரிசோதனைக்கு அழைக்காமல் விட்ட பெர்மிட் தானாக மூடாது, திறந்தபடியே கோப்பில் கிடக்கும். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சட்டத்தரணி மாநகரசபையிடம் திறந்த பெர்மிட்டும் கட்டளையும் இருக்கிறதா என்று கேட்பார். அந்த நேரத்தில், பத்து வருடப் பழைய டெக்குக்கு இன்ஸ்பெக்டரை அழைத்து, உரிமை மாறும் தேதிக்குள் கைப்பிடி திருத்தி முடிக்கவேண்டி வரும். முடியாவிட்டால் வாங்குபவர் பக்கம் ஒரு தொகையைப் பிடித்துவைக்கக் கேட்கும். உங்கள் முகவரியில் பழைய பெர்மிட் ஏதாவது திறந்து கிடக்கிறதா என்பதை ரொறன்ரோவில் மாநகரசபையின் இணையதளத்திலேயே முகவரி போட்டுப் பார்க்கலாம்.